இரசிகமணியின் வட்டத்தொட்டி: சுவையும் சான்றும்

நூலின்பம் தனித்துத் துய்த்தலோடு அமைவதன்று. நல்ல கவியொன்றைக் கற்றவன் அதனைப் பிறன் ஒருவனுக்குச் சொல்லிக் காட்டும்வரை அமைதி கொள்ளான். கல்வியால் தாம் எய்தும் மகிழ்ச்சியைப் பிறரும் எய்தக் காணும்போது அறிஞர்க்கு அக்கல்வியில் வேட்கை மிகும் என்பது வள்ளுவர் துணிபு. இருபதாம் நூற்றாண்டிலே இவ்வேட்கையை ஓர் அவையாக உருவாக்கியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882 - 1954) ஆவர்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவரது இல்லத்திலே இலக்கிய அன்பர் பலர் கூடினர். அவர்கள் கூடிய தொட்டிக்கட்டே அவைக்கும் பெயராகி, 'வட்டத்தொட்டி' என வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அவ்வில்லமும் அத்தகைய அவையாகவே விளங்கியது. கல்கி, இராஜாஜி, நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவரோடு பழகிக் கவியின்பம் நுகர்ந்தோராவர்.

அவ்வவையின் சிறப்பு யாது? செய்யுளைக் கண்ணுக்குரிய எழுத்தாக அன்றிச் செவிக்குரிய ஒலியாக மீட்டமையே அதன் தலையாய சிறப்பு எனலாம். பதவுரையும் இலக்கணக் குறிப்பும் கூறியவுடன் பாடம் முடிந்தது எனக் கருதும் வழக்கம் கற்பிப்போரிடையே வேரூன்றியிருந்தது. இரசிகமணியோ பாடலைத் திரும்பத் திரும்ப ஓதுவார். உணர்ச்சி எழும் இடத்தில் நிறுத்துவார். சொல் ஒவ்வொன்றும் கேட்போர் உள்ளத்திற் பதியும்வரை காத்திருப்பார். அச்சிடும்போதும் சந்திகளைப் பிரித்து, புலமை குறைந்தோரும் அஞ்சாது படிக்குமாறு செய்தார். புலவர்க்கே உரியது எனக் கருதப்பட்ட கம்பனை வழக்கறிஞரும் வணிகரும் உவந்து கேட்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இஃது எளிய பணியன்று.

எனினும், இச்சிறப்புக்குள்ளேயே ஒரு குறையும் கருக்கொண்டிருந்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வழங்கும் இராமாயணத்தில் மிகப் பலவற்றைக் கம்பன் வாக்கன்று என அவர் ஒதுக்கினார். எஞ்சியவற்றிலும் சில சொற்களை மாற்றினார். ஒதுக்கியதற்கும் மாற்றியதற்கும் பெரும்பாலும் அளவுகோலாய் நின்றது அவரது இரசனையே. இடைச்செருகல் உண்டு என்ற ஐயம் ஆதாரமற்றதன்று. வெள்ளியம்பலத் தம்பிரான் பெயரோடு சார்த்தி 'வெள்ளி பாடல்கள்' எனப் பழையோரும் சிலவற்றைப் பிரித்துப் பேசினர். ஆயினும், ஐயத்தை எழுப்புவது சுவையாக இருக்கலாம். அதனைத் தீர்க்க வேண்டியது ஏட்டுச் சான்றே. தமக்கு இனிமை தராத பாடல் கவிஞனுடையதன்று எனின், கவிஞனது எல்லை படிப்பவனது எல்லையாகச் சுருங்கிவிடும்.

மேலும், பெருங்காப்பியம் தனிப்பாடற் றிரட்டன்று. அதன்கண் உச்சிகள் உள; அவற்றுக்கு ஏறிச்செல்லும் சமவெளிகளும் உள. கதையை நடத்திச் செல்லும் எளிய பாடலை நீக்கிவிடின், அதனை அடுத்து வரும் அரிய பாடலின் ஆற்றலும் குன்றும். நண்பர் அவையில் ஒரு பாடலை எடுத்துச் சுவைத்தற்கு ஏற்ற முறை, ஒரு காப்பியத்தைப் பதிப்பித்தற்கு ஏற்ற முறையாகாது.

ஈண்டு, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901), உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) ஆகியோரின் நெறி நினைத்தற்குரியது. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, மூலத்தைப் பேணுதலையே அவர்கள் கடனாகக் கொண்டனர். ஐயரவர்கள் தாம் ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பிலே காட்டினார். இன்று ஒருவர்க்குப் பயனற்றதாகத் தோன்றும் பாடம் நாளை மற்றொருவர்க்கு விளக்கமாகலாம் என்ற அடக்கம் அதனுள் அமைந்துள்ளது. சுவைப்போர் அவைக்கு வேண்டிய நூலே இத்தகையோர் உழைப்பினாற்றான் கிடைத்தது என்பதும் மறத்தற்குரியதன்று.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்துவரும் புராண படனம் இவ்விரு நெறிகளும் இணங்கி வாழக்கூடும் என்பதற்குச் சான்றாகும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். சூழ்ந்திருப்போர் கேட்டு உவப்பர். பயன் சொல்வோர் தம் விருப்பம்போல் விரித்துரைக்கலாம், வியக்கலாம், வினாவலாம். ஆனால் அவர்முன் விரிந்துள்ள ஏட்டின் செய்யுளை மாற்றும் உரிமை அவர்க்கில்லை.

இரசிகமணியிடமிருந்து ஆசிரியரும் மாணவரும் கற்கவேண்டியது அவர் குரலை. அவர் கத்தரிகையை அன்று. வகுப்பறையிலே ஒரு பாடல் பொருள் கூறப்படுமுன் ஒருமுறையேனும் வாய்விட்டு ஓதப்படுமாயின், கல்லூரிச் சங்கத்திலே பரிசு கருதாது நால்வர் கூடி ஒரு நூலைப் படிப்பாராயின், வட்டத்தொட்டி அங்கே மீண்டும் கூடியதாகும். அவ்வவையில் ஒரு பாடல் சுவைக்கவில்லை எனின், அதனை நீக்கவேண்டியதில்லை. மறுநாளும் ஒருமுறை படித்துப் பார்த்தலே தக்கது.