சந்தனமும் சென்டும்

முதியோர் சந்தனத்தை விரும்புவர், இளைஞர் போத்தலில் வரும் சென்டை நாடுவர், இது வயதின் இயல்பு என்று கூறி அமைதியடைவோர் உளர். வியாபாரிக்கு இவ்விளக்கம் போதுமானது. ரசனையின் வேரை வாழ்க்கையில் தேட முனையும் நமக்கு அது போதாது.

சம்பள நாளுக்கு மறுநாள் லிந்துலைக் கடைத்தெருவை நோக்குவோம். தோட்டத்திலிருந்து வந்த முதியவள் கற்பூரம், சாம்பிராணி, ஜவ்வாது, முகப்பவுடர் ஆகியவற்றை வாங்குகிறாள். கொழும்புக் கடையொன்றில் வேலைசெய்து விடுமுறையில் வந்திருக்கும் பேரன் கண்ணாடி அலுமாரியிலுள்ள சென்ட் போத்தலைக் காட்டுகிறான். "காசக் காத்துல விடுறியேடா" என்கிறாள் அவள். "ஒங்களுக்குத் தெரியாது அப்பாயி" என்கிறான் அவன். இவ்விரு வாக்கியங்களும் இரு வாழ்க்கைகளின் சுருக்கமாகும்.

முதியவளின் மணங்கள் கூட்டு வாழ்வுக்குரியவை. கலியாண வீட்டில் விருந்தினருக்குச் சந்தனம், திருவிழாவில் பூ, வெள்ளிக்கிழமையில் சாம்பிராணி. காலையில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் குளிரில், விறகுப் புகை சூழ்ந்த லயக் காம்பராவில் வாழ்ந்தவளுக்கு, உழைப்பிலிருந்து ஒருநாள் விடுபட்டதன் அடையாளமாக நறுமணம் அமைந்தது. ஏனைய நாட்களில் அவளுக்குரியவை புகையும் வியர்வையும் பச்சைக் கொழுந்தின் வாடையுமே. அவளது கண்டிப்பும் வெறும் பழைமைப் பற்றன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் கிட்டியது. 2024இல் அது 1350 ரூபாவாயிற்று. அவள் பேசுவது கணக்கு.

பேரனின் நிலை வேறு. நகரத்தில் அவன் நாள்தோறும் அந்நியர் முன் நிற்கிறான். உடையிற் படிந்த புகைவாடை அவன் பிறந்த இடத்தைச் சொல்லிவிடும் என அஞ்சுகிறான். ஆகவே அவனுக்கு மணம் திருநாளின் மகிழ்ச்சியாக அன்றி, தொழிலுக்கான அன்றாடச் சீருடையாகிவிட்டது. 1868இல் பெர்க்கின் என்ற ஆங்கில விஞ்ஞானி கூமரின் என்னும் வாசனைப் பொருளை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். இத்தகைய செயற்கைப் பொருள்கள் பெருகவே, செல்வரின் உடைமையாயிருந்த வாசனை எளியோரையும் எட்டியது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயின், போத்தலுடன் சேர்த்து வெட்கத்தையும் விற்கின்றது விளம்பரம்.

இவ்விடத்தில் நம் பண்பாட்டுக் காவலர் சிலரின் தவறைச் சுட்ட வேண்டும். சந்தனம் நமது, சென்ட் அந்நியச் சீரழிவு என்பர் அவர். கற்பூரமும் சாம்பிராணியும் சுமாத்திரா முதலிய கீழைத் தீவுகளிலிருந்து கடல்வழி வந்த பண்டங்கள் என்பதை அவர் மறக்கின்றனர். மருவூர்ப்பாக்கத்து வீதிகளில் சாந்தும் பூவும் புகைப்பொருளும் விற்கப்பட்டதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மணம் என்றும் சந்தையோடு உறவுடையதே. அதை யார் வாங்க முடிந்தது என்பதே கேட்கவேண்டிய வினா.

அவ்வினாவின் கூர்மையை லிந்துலையிற் போல வேறெங்கும் காண்பதரிது. சென்டிற் கலக்கும் லினலூல், ஜெரானியோல் என்னும் பொருள்கள் தேயிலையின் நறுமணத்திலும் உள்ளன. தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றில் திம்புலைப் பகுதித் தேயிலை சிறந்த மணம் பெறுகிறது. ஏலத்தில் அம்மணத்துக்கு விலை உண்டு. கொழுந்து பறிப்பவளுக்கோ தராசு காட்டும் எடையே கணக்கு. தேயிலை அயல்வாசனையை எளிதில் உறிஞ்சும் என்பதால் தொழிற்சாலையிலும் சுவைபார்க்கும் அறையிலும் வாசனைப் பூச்சைத் தவிர்ப்பர். தேயிலையின் மணத்தைக் காக்கும் அக்கறையில் ஒரு பங்காவது, அதைப் பறிப்பவள் குளிக்கும் வெந்நீருக்கும் அவளது வீட்டுக்குப் புகைபோக்கிக்கும் கிடைத்ததா?

தலைமுறைப் பிணக்காகத் தோன்றுவது இவ்வாறு உழைப்பின் கதையாக விரிகிறது. பேரனின் சென்டை நாம் பழிக்கவில்லை. அப்பாயியின் ஜவ்வாதைப் பழம்பெருமையாக்கி வணங்கவுமில்லை. தாயின் சேலையில் வீசும் கொழுந்து வாடை மகனுக்கு வெட்கம் தராத நாள் வரவேண்டும். அன்று அவன் எதைப் பூசினாலும் அது அவனது ரசனையாகவே இருக்கும்.