தேயிலை மேட்டில் பழகிய குரல்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசையாசிரியனுக்கு இலக்கணம் வகுக்கிறார். யாழ், குழல், தாளம், தண்ணுமை இவற்றோடு மிடற்றுப் பாடலை இசைவிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நாட்டு வழக்கின் ஓசையையும் குற்றமற உணர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தத் தராசிலே இளையராஜாவைப் பாடகராக மட்டும் நிறுத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். இசையமைப்பாளர் என்ற பெரும்புகழ் நிழலில் அந்தப் பாடகர் மறைந்து போனார் என்பது என் நெடுநாள் மனக்குறை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். யேசுதாஸிடம் உள்ள ஆழம் இவர் குரலில் இல்லை. பாலசுப்ரமணியத்தின் குழைவும் இல்லை. காதல் பாட்டில் சில இடங்களில் கட்டையாகவே நிற்கும். அவருக்கே இது தெரியும் போலிருக்கு. அத்தகைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். தாய், மண், ஒப்பாரி, இறைவன் இவற்றையே பெரிதும் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

அங்கே அந்தக் குரல் ஏன் உயிரைத் தொடுகிறது? விடை நம்ம மலையோரத்திலேயே இருக்கிறது. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் அவர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறினால் எங்கள் வண்டிப்பெரியார். போடிமெட்டு ஏறினால் தேவிகுளம். இரண்டு பக்கமும் தேயிலை, இரண்டு பக்கமும் தமிழ்க் கூலிச் சனம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்தத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடியவர் அண்ணன் பாவலர் வரதராசன். பதினாலு வயசில் தம்பி அந்தக் குழுவில் சேர்ந்தார்.

கட்சி மேடைப் பாட்டுக்குத் தனி இலக்கணம் உண்டு. மெட்டு பெரும்பாலும் சனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டு. சொல் மட்டும் புதிது. நாளெல்லாம் கொழுந்து பறித்து அலுத்தவர்கள் காதில் அந்தச் சொல் விழ வேண்டும். சங்கதி போட்டு மயக்கினால் சொல் விழாது. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் நேராக நிறுத்திப் பாடும் பழக்கம் வருகிறது.

'16 வயதினிலே' (1977) படத்தில் அவர் பாடிய முதல் பாட்டைக் கேளுங்கள். வயல்காட்டில் ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிடுகிற தொனி. 'நாயகன்' (1987) படத்துத் துயரப் பாட்டில் அழுகை கிடையாது. அழுகையை அடக்கின தொண்டைதான் கேட்கும். இதையே இளங்கோ சொன்ன நாட்டு ஓசை என்று கொள்கிறேன்.

2005இல் வந்த திருவாசக சிம்பொனியும் எனக்குச் சான்று. நான் சமணன். சைவத்துக்கும் எங்களுக்கும் பழைய வழக்கு உண்டு. இருந்தும் கடையைச் சாத்திய பிறகு அதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். புடாபெஸ்ட் வாத்தியக் குழு பின்னால் முழங்க, முன்னால் நிற்பது பண்ணைப்புரத்துத் தொண்டை. வாத்தியம் எத்தனை பெருகினாலும் சொல் அமுங்கவில்லை. ஆனால் பிற்காலப் பக்திப் பாட்டுகள் சிலவற்றில் அந்த நேர்மை பழக்கமாகிச் சலிப்பு தட்டுகிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது உலகமே பேசியது. தேயிலை மேட்டில் நின்று முதலில் கேட்ட சனத்தைப் பற்றிப் பேச்சில்லை. கண்ணகியைக் கண்டு குரவையாடிய குன்றக் குறவரை இளங்கோ மறக்காமல் எழுதினார். அந்தக் கண்ணகிக்கு மங்கலதேவிக் கோட்டம் இருப்பதும் குமுளிக்கு மேலே இதே மலைதான். தேவிகுளத்தில் அன்று கேட்டவர்களையோ யாரும் எழுதவில்லை.

வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவர் பாட்டை வீட்டில் போடும்போது பாவலர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நாளில் என்ன பாட்டுக் கேட்டீங்க என்று கேட்டு எழுதி வையுங்கள்.