பிரைம் சஸ்பெக்ட்: வழக்கின் முடிச்சாக ஒரு பாகுபாடு

‘பிரைம் சஸ்பெக்ட்’ 1991 ஏப்ரலில் பிரிட்டனின் ஐ.டி.வி.யில் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பான குற்றத் தொடர். லிண்டா லா பிளான்ட் எழுத, கிறிஸ்டோபர் மெனால் இயக்க, கிரனாடா நிறுவனம் தயாரித்தது. லண்டன் பெருநகரக் காவல்துறையின் துப்பறியும் தலைமை இன்ஸ்பெக்டர் ஜேன் டென்னிசனாக ஹெலன் மிர்ரன் நடித்தார். 2006 வரை ஏழு தொடர்கள் வந்தன.

பெண் போலீஸ் அதிகாரி அதற்கு முன்பே சின்னத்திரைக்கு வந்துவிட்டார். பிரிட்டனில் ‘தி ஜென்டில் டச்’, ‘ஜூலியட் பிராவோ’ இரண்டும் 1980இல் தொடங்கின. அமெரிக்காவில் ‘காக்னி அண்ட் லேசி’ 1988 வரை ஓடியது. ஆண்களின் ஏளனம் இவற்றிலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது நாயகி தாண்டிப்போகும் இடைஞ்சல். அதை நீக்கிவிட்டாலும் வழக்கு நகரும். லா பிளான்ட்டின் கதையில் அப்படி நீக்க முடியாது.

டென்னிசனுக்கு முன்மாதிரி, அதே காவல்துறையில் அதே பதவியில் இருந்த ஜாக்கி மால்டன். அந்தப் பதவியை எட்டிய பெண்கள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மெர்சிசைட் காவல்துறையின் உயரதிகாரி அலிசன் ஹால்ஃபோர்டு, பதவி உயர்வில் பாகுபாடு காட்டப்பட்டதாகத் தொடுத்த வழக்கும் அப்போது நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்களுக்கு இது கற்பனைப் பிரச்சினையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

கதையில், ஒரு கொலை வழக்கை நடத்திவந்த அதிகாரி ஷெஃபர்டு மாரடைப்பில் இறக்கிறார். அதுவரை ஒரு கொலை வழக்கும் தரப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த டென்னிசன் அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறார். மேலதிகாரி கெர்னன் அரைமனதோடு சம்மதிக்கிறார். ஷெஃபர்டின் நெருங்கிய நண்பரான சார்ஜென்ட் ஓட்லி வெளிப்படையாகவே பகைக்கிறார். கோப்புகளைப் புரட்டும் டென்னிசன் முதலில் கண்டுபிடிப்பது கொலையாளியை அல்ல, சடலம் தவறாக அடையாளம் காணப்பட்டிருப்பதை. டெல்லா மோர்னே என்ற பாலியல் தொழிலாளியின் உடல் என்று ஷெஃபர்டு சொன்னது உண்மையில் கேரன் ஹோவர்டு என்ற இளம்பெண்ணுடையது. டெல்லாவோடு ஷெஃபர்டுக்கு உறவு இருந்தது. இறந்த நண்பரின் பெயரைக் காக்க ஓட்லி அதை மறைக்கிறார். ஆக, பெண் அதிகாரியை உள்ளே விடாத அதே ஆண் கூட்டணிதான் துப்பையும் அடைத்துவைத்திருக்கிறது. பாகுபாட்டை ஒருவரின் மனக்குறையாகக் காட்டாமல், கொலையாளிக்குச் சாதகமாக முடியும் தொழில்முறைத் தவறாகக் காட்டியதே இந்தத் தொடரின் சாதனை. டெல்லாவின் தோழிகளோடு மதுக்கடையில் உட்கார்ந்து டென்னிசன் பேச்சுக் கொடுக்கும் காட்சி இதன் மறுபக்கம்: ஆண்கள் அலட்சியப்படுத்திய சாட்சிகள் அவர்கள்.

நாயகியை நல்லவளாக்கி அனுதாபம் தேட லா பிளான்ட் முயலவில்லை. டென்னிசன் பதவியாசை மிக்கவர், சிகரெட் விடாதவர், வீட்டைக் கவனிக்காதவர். கூட வாழும் பீட்டர் பிரிந்துபோகும்போது தவறு முழுக்க பீட்டர் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. 1992இல் வந்த இரண்டாம் தொடர் இதைவிடத் துணிச்சலானது. டென்னிசனோடு நெருங்கிப் பழகிய கறுப்பின அதிகாரி ஓஸ்வால்டு அவர் குழுவிலேயே நியமிக்கப்பட, அவரை ஒதுக்கிவைக்கும் இடத்தில் இப்போது டென்னிசன் இருக்கிறார். அதிகாரம் கைமாறினால் ஒதுக்கும் பழக்கமும் கூடவே கைமாறுகிறது.

பிந்தைய தொடர்கள் சிறார் மீதான பாலியல் சுரண்டல், போஸ்னியப் போர்க்குற்றம் என்று வேறு களங்களுக்குப் போயின. அலுவலகப் போராட்டம் பின்னணிக்கு நகர்ந்தது. கடைசித் தொடரில் ஓய்வை நெருங்கும் டென்னிசன் குடிக்கு அடிமை. குடியிலிருந்து மீள விரும்புவோரின் கூட்டத்தில் அவரைச் சந்திக்கும் ஓட்லி பழைய நடத்தைக்கு மன்னிப்புக் கேட்கிறார். நாயகியைக் குடிகாரியாக்கியதை லா பிளான்ட் வெளிப்படையாகவே கண்டித்தார். கண்டனத்தில் நியாயம் உண்டு. தனிமையைக் காட்ட மதுப்புட்டியைக் கையில் கொடுப்பது துப்பறியும் கதைகளில் தேய்ந்துபோன உத்தி. ஆனாலும் மிர்ரனின் நடிப்பு அதைத் தாங்கிப்பிடித்தது, எம்மி விருதும் கிடைத்தது.

2011இல் அமெரிக்காவின் என்.பி.சி. மரியா பெல்லோவை வைத்து மறுஆக்கம் செய்து 13 பகுதிகளோடு நிறுத்தியது. டென்னிசனின் இளமைக்காலத்தைச் சொல்லும் ‘பிரைம் சஸ்பெக்ட் 1973’ 2017இல் வந்தது. அதுவும் ஒரே தொடரோடு முடிந்துபோனது.