சம்பளச் சீட்டில் வராத ஏழு லட்சம்

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் பி.எஃப். பிடித்தம் 1,800 ரூபாய். இது எந்தத் தொழிலாளிக்கும் மனப்பாடம். அவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனால், சாவுக்குக் காரணம் எதுவானாலும், குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை கிடைக்கும் என்பதைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர் அரிது. 1976 முதல் நடப்பில் உள்ள இ.டி.எல்.ஐ. திட்டம் அது. அதற்கான அரை சதவீதத்தை முதலாளியே கட்டுகிறார், தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. பிடிக்காத காரணத்தாலேயே அது சம்பளச் சீட்டில் இடம்பெறுவதில்லை. போனது எவ்வளவு என்று சொல்லும் தாளில், வரவேண்டியது எது என்பதற்கு இடமில்லை.

வருங்கால வைப்பு நிதி அமைப்பு வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை வருகிறது. குறுஞ்செய்தியில் மொழியைக் குறிப்பிட்டால் தமிழிலேயே வருகிறது. பாஸ்புக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அந்த பாஸ்புக்கின் பென்ஷன் பத்தியைப் பாருங்கள். மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய் ஏறுகிறது, வட்டி மட்டும் ஏறுவதில்லை. பார்ப்பவர் ஏமாற்று வேலை என்றே நினைப்பார். உண்மையில் அது சேமிப்பே அல்ல. சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதுதான் ஓய்வூதியம்; பத்தாண்டு சேர்ந்தால்தான் அதுவும். இதை விளக்கும் ஒரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. விளைவு, வேலை மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறவர், கையில் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு தன் பணி ஆண்டுகளை அழித்துவிடுகிறார்.

'சொன்னாலும் யார் படிக்கிறார்கள்' என்பது மனிதவளத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். தொழிற்பேட்டைகளை ஒட்டிய கம்ப்யூட்டர் சென்டர்களில் 'பி.எஃப். பணம் எடுத்துத் தரப்படும்' என்ற போர்டு தொங்குகிறது. அதை எல்லோரும் படிக்கிறார்கள், காசும் கொடுக்கிறார்கள். என்ன செய்யலாம், என்ன கிடைக்கும் என்று நேராகச் சொல்வதால் படிக்கிறார்கள். அந்த போர்டு எடுக்கச் சொல்கிறதே தவிர, எதை எடுக்கக் கூடாது என்று சொல்வதில்லை. அது வேறு விஷயம்.

இ.எஸ்.ஐ.யின் சிக்கல் வேறு வகை. நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் அந்த உரிமை. விதியே இப்படி முறுக்கிக்கொண்டிருக்கும்போது சுவரொட்டி எழுதுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிறுவனங்கள் தரும் பணி நியமனக் கடிதத்தை இந்த அளவுக்கு மன்னிக்க முடியாது. ஆண்டுச் சம்பளக் கணக்கில் பணிக்கொடைக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதத்தைச் சேர்த்துக் காட்டுவது பல நிறுவனங்களின் வழக்கம். நிரந்தரப் பணியாளருக்கு அது கைக்கு வர ஐந்தாண்டு ஆக வேண்டும் என்பது அதன் அருகில் இருக்காது. இரண்டாண்டில் வேலை மாறுவது சாதாரணமாகிவிட்ட துறைகளில் இந்தத் தொகையைச் சம்பளம் என்று காட்டுவது, விளக்கக் குறைவு என்ற கணக்கில் வராது. பி.எஃப். பக்கத்தின் மௌனத்தைவிட இந்தக் கடிதத்தின் தெளிவு மோசமானது.

இன்னொன்று: திருமணத்துக்கு முன் பி.எஃப்.பில் செய்த வாரிசு நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போகிறது, புதிதாகச் செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு விடுப்பு எழுதி வாங்குகிற அதே மேசையில் இதைச் சொல்லியிருக்கலாம். பல இடங்களில் சொல்வதில்லை.

ஆக, வைப்பு நிதி அமைப்பு கணக்குச் சொல்வதில் தேறுகிறது, உரிமையைச் சொல்வதில் தோற்கிறது. நிறுவனங்கள் இரண்டிலும் தோற்கின்றன. சம்பளச் சீட்டின் அடியில் தமிழில் மூன்று வரி போதும்: வாரிசு யார், ஓய்வூதியத்துக்கு எத்தனை ஆண்டு சேர்ந்திருக்கிறது, இறந்தால் குடும்பத்துக்கு என்ன வரும். ஒரே வரிக்குத்தான் இடம் என்றால் கடைசி வரியையே போட வேண்டும். சேமிப்பைத் தேடித் தொழிலாளி தானே அலைவார்; காப்பீட்டைக் கேட்டு அலைய வேண்டியவர், அந்தச் சீட்டை ஒருமுறைகூடப் பார்த்திராத அவர் மனைவி.