சுருளுக்குள் எத்தனை பாகை?

கார் மேல் நிற்கும் இரண்டரை மீட்டர் ஆண்டெனாக் கம்பிக்கு 3.8 மெகாஹெர்ட்சில் வெறும் 11 பாகை நீளம்தான். ஒத்ததிரத் தேவையான கால் அலைக்கு 90 வேண்டும். மீதி 79 பாகையையும் அடியிலுள்ள லோடிங் சுருள்தான் தருகிறது என்கிறார்கள் சில ஹாம் வானொலிக்காரர்கள். சுருள் வெறும் தூண்டல், அதில் தாமதமே கிடையாது என்கிறார்கள் வேறு சிலர். முதல் தரப்பு கையிலெடுப்பது காண்டோயனும் சிச்சாக்கும் 1953இல் தந்த திசைவேகக் காரணிச் சூத்திரம்.

நல்ல சூத்திரம் அது. 6 அங்குல விட்டம், 6.5 அங்குல நீளம், 26 சுற்று கொண்ட சுருளுக்கு, 3.8 மெகாஹெர்ட்சில் காரணி 0.02 என வருகிறது; அதாவது, சுருளின் நீளவாக்கில் அலை செல்வது ஒளிவேகத்தில் நூறில் இரண்டு பங்கு வேகத்தில்தான். அதன்படி தாமதம் சுமார் 27 நானோ வினாடி, அதாவது 37 பாகை. சுருளில் சுற்றிய கம்பியின் முழு நீளமான 12.4 மீட்டரையும் ஒளிவேகத்தில் சுற்றிவர 41 நானோ வினாடி ஆகும். சுற்றுகளின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அலை அதற்கு முன்பே மேலே போய்விடுகிறது. 'சுற்றிய கம்பியின் நீளமே ஆண்டெனாவின் நீளம்' என்ற பழைய நம்பிக்கையை இந்த ஒரு கணக்கே உடைக்கிறது. வேறு வழியிலும் சரிபார்க்கலாம். வீலர் சூத்திரப்படி இதன் தூண்டல் 66 மைக்ரோ ஹென்றி. மெட்ஹர்ஸ்ட் அட்டவணைப்படி தன் கொள்திறன் 7 பிக்கோ ஃபேரட். இரண்டும் சேர்ந்தால் தன் ஒத்ததிர்வு 7.4 மெகாஹெர்ட்ஸ். திசைவேகக் காரணி வழியே வருவது ஏறத்தாழ 7.6.

ஆனால் அந்தப் பொருத்தம் தன் ஒத்ததிர்வு இடத்தில்தான். பாதி அதிர்வெண்ணில், தலையில் கம்பி செருகிய சுருளுக்கு அதை நீட்டுவது தோராயமே. அதைவிடப் பெரிய பிழை, பாகைகளை நேராகக் கூட்டுவது. 37உம் 11உம் 48தானே, மீதி எங்கே? சுருளும் கம்பியும் சேரும் இடத்தில். தூண்டலைத் தாமதத்தால் வகுத்தால் சுருளின் சிறப்பு மின்மறிப்பு சுமார் 2400 ஓம். மெல்லிய கம்பிக்கோ 420 அளவுதான். இந்தத் தாவலால் கம்பியின் 11 பாகை சுருளின் கண்ணுக்கு 49 பாகையாகத் தெரிகிறது. 37உடன் கூட்டினால் 86. ஒத்ததிர்வு கைக்கெட்டும் தூரம். '79 பாகையும் சுருளுக்குள்' என்போர் இந்தத் தாவலை அறவே மறந்துவிடுகிறார்கள்.

தாமதமே இல்லை என்போரின் சான்றும் தளர்வானது. சுருளின் இரு முனையிலும் மின்னோட்டத்தின் கட்டத்தை அளந்து, வேறுபாடு இல்லை என்று காட்டுகிறார்கள். ஆண்டெனாவில் இருப்பது பெரும்பாலும் நிலை அலை. அதன் கட்டம் நீளம் முழுக்க ஏறத்தாழ ஒன்றேதான். சுருளே இல்லாத நேர்க்கம்பியிலும் அப்படித்தான். இந்த அளவீட்டால் தாமதத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. துடிப்பு அனுப்பி அளப்பதும் இதற்கு விடையாகாது. சுருளில் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். சுற்றுகளைத் தாண்டி முதலில் வந்து சேரும் துளி, 3.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் தாமதத்தைச் சொல்லாது.

அளக்க வேண்டியது மின்னோட்டத்தின் அளவை. மேலே சொன்ன கணக்குப்படி சுருளின் உச்சியில் அடியிலுள்ளதில் முக்கால் பங்கே மிஞ்ச வேண்டும்; சுருளை வெறும் தூண்டலாகக் கொண்டால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரே மாதிரியான இரு டொராய்டு உணரிகள் இருந்தால் மொட்டைமாடியிலேயே இதைச் சோதித்துவிடலாம்.