சர்தாரை அளக்க டோக்கியோ எதற்கு?

இந்திய ஹாக்கியில் மூத்த வீரர் ஒருவர் திடீரென விலகும்போதெல்லாம் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ‘துரத்திவிட்டார்கள்’ என்கிறது ஒரு தரப்பு. ‘காலம் முடிந்தது, போனார்’ என்கிறது மறுதரப்பு. இரண்டொரு நாளில் சண்டை பதக்கக் கணக்குக்கு வந்து நிற்கும்: இவர் என்ன வென்றார், எத்தனை முறை வென்றார், ஒலிம்பிக்கில் ஏதாவது உண்டா? 2018 செப்டம்பர் 12 அன்று நடுகள வீரர் சர்தார் சிங் ஓய்வை அறிவித்தபோது மூண்ட வாதமும் இதே பாதையில்தான் போனது. 2021 ஆகஸ்டில் அதற்குத் தீர்ப்பே வந்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். சர்தார் போனார், மூன்றே ஆண்டில் டோக்கியோவில் வெண்கலம் வந்தது, எனவே அவரை விலக்கியது சரி. பாரிஸில் இரண்டாவது வெண்கலமும் கிடைத்த பிறகு இதை மறுத்துப் பேசுபவர்கள் அருகிவிட்டார்கள். ஆனால் இந்தத் தீர்ப்பு தவறு. அதைவிட, அதை எழுதப் பயன்பட்ட அளவுகோல் தவறு.

ரசிகர் வாதத்தில் நல்லது இல்லாமல் இல்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் இடம் தராத நாட்டில் ஒரு நடுகள வீரரின் ஓய்வைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். சர்தாரின் வேகம் குறைந்திருந்தது என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. நான்கு கால்பகுதிகளாக ஆட்டம் மாறிய பிறகு, நிமிடத்துக்கு நிமிடம் ஆட்களை மாற்றி முழு வேகத்தில் ஓடவைப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. பந்தை நிறுத்தி, யோசித்து, திருப்பிவிடும் ஆட்டக்காரருக்கு அந்த வேகம் பாதகம்தான். 2018 மார்ச்சில் அவர் தலைமையில் அஸ்லான் ஷா கோப்பைக்குப் போன அணி ஐந்தாம் இடத்தோடு திரும்பியது. கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் அணியில் அவருக்கு இடமில்லை. கேல் ரத்னாவும் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. நாடு அவரை மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் மறுப்பைத் தொடங்குகிறேன்.

ஒலிம்பிக் பதக்கத்தை வைத்துத் தனிமனிதரை அளப்பது ஹாக்கியின் இயல்புக்கே ஒவ்வாது. களத்தில் ஒரு நேரத்தில் பதினொரு பேர், மாற்றுக்கு வெளியே இன்னும் சிலர். இரண்டு வாரத்தில் எட்டு ஆட்டங்கள். அதில் ஒரு பெனால்டி கார்னர் கம்பத்தில் படுவதும் உள்ளே விழுவதும் பதக்கத்தை முடிவு செய்கின்றன. 2000இல் சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் இந்தியா அரையிறுதியில். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது போலந்து கோல் அடித்து 1-1 ஆக்கியது, கதை முடிந்தது. 2021இல் டோக்கியோவில் 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. சிட்னியில் அந்தப் பந்து உள்ளே போனதால் அங்கே ஆடிய தன்ராஜ் பிள்ளை குறைந்த வீரராகிவிட்டாரா? நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடியவர் அவர். 1980இல் மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது நமக்குப் பெருமை. ஆனால் பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் ஹாக்கி அணிகள் அங்கே வரவில்லை. ஆடியவை ஆறே அணிகள். பதக்கக் கணக்குப்படி அந்த அணியின் ஒவ்வொரு வீரரும் தன்ராஜுக்கு மேலே நிற்க வேண்டும். ஹாக்கி பார்த்த எவராவது இதை ஏற்பாரா?

சர்தார் விஷயத்தில் கணக்கு இன்னும் மோசமாகப் பிசகுகிறது. இங்கே பதக்கம் அவரை அளக்க மட்டும் பயன்படவில்லை, அவரை நீக்கியவர்களுக்கு நியாயம் சொல்லவும் பயன்படுகிறது. நடந்த வரிசையைப் பாருங்கள். 2018இல் பிரேடாவில் சாம்பியன்ஸ் டிராபி வெள்ளி வென்ற அணியில் சர்தார் இருந்தார். ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மலேசியாவிடம் அரையிறுதி ஷூட்-அவுட்டில் தோற்று, பாகிஸ்தானை வென்று வெண்கலம். அங்கே இருந்தபோதே டோக்கியோ வரை ஆட விரும்புவதாக அவர் சொல்லியிருந்தார். சில நாட்களில் தேசிய முகாமுக்கான 25 பேர் பட்டியல் வெளியானது. அவர் பெயர் இல்லை. அதே நாளில் ஓய்வு அறிவிப்பு. அவருக்கு வயது 32.

அவர் ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் பெரிய போட்டி, அந்த ஆண்டு இறுதியில் புவனேஸ்வரில் நடந்த உலகக் கோப்பை. சொந்த மண்ணில், நிரம்பி வழிந்த கலிங்கா மைதானத்தில், காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றோம். அந்த அணியின் பயிற்சியாளர் ஹரேந்திர சிங்கையும் 2019 ஜனவரியில் நீக்கினார்கள். அவர் இடத்துக்கு கிரஹாம் ரீட் வந்து, அணியைப் புதிதாகக் கட்டி, இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து வாங்கிய பதக்கம் டோக்கியோவுடையது. அதை எடுத்து 2018 செப்டம்பர் முடிவுக்கு மாலையாகப் போடுவது என்ன நியாயம்? வயதானவர்கள் ஒதுங்கியதால் வெற்றி வந்தது என்பவர்கள், டோக்கியோவின் நாயகன் ஸ்ரீஜேஷுக்கு அப்போது 33 வயது என்பதைச் சொல்வதே இல்லை. கோல்கீப்பருக்கு வயது வேறு கணக்கு என்பார்கள். சரி. அப்படியென்றால் வயதைப் பற்றிய பொதுவிதியை முதலில் அவர்கள் கைவிடட்டும்.

இதே தர்க்கத்தை ராணி ராம்பால் விஷயத்தில் ஓட்டிப் பார்க்க யாரும் தயாராக இல்லை. டோக்கியோவில் மகளிர் அணியை நான்காம் இடம் வரை கொண்டுவந்த கேப்டன் அவர். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அணியிலும் காமன்வெல்த் அணியிலும் அவர் இல்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று இந்திய மகளிர் பாரிஸ் வாய்ப்பை இழந்தபோதும் அவர் அணியில் இல்லை. சர்தாரை நீக்கியதை டோக்கியோ நியாயப்படுத்துகிறது என்றால், ராணியை ஒதுக்கியதை ராஞ்சி குற்றப்படுத்த வேண்டும். வெற்றி வந்தால் தேர்வாளர்களின் தொலைநோக்கு, தோல்வி வந்தால் விளையாட்டில் சகஜம் என்று பேசுவது வாதமாகாது. அது அதிகாரத்துக்குப் போடும் சலாம்.

பதக்கம் மறைத்துவிடும் சர்தாரை இனிப் பார்க்கலாம். அவர் சீனியர் அணிக்கு வந்த 2006இல் இந்தியா உலகக் கோப்பையில் 11ஆம் இடம். ஆசியப் போட்டியில் முதன்முறையாகப் பதக்கமே இல்லை. 2008இல் சிலியில் நடந்த தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் தோற்று ஒலிம்பிக்குக்கே போகவில்லை. எட்டு முறை தங்கம் வென்ற நாட்டுக்கு அது இழவு விழுந்த நாள். அதையடுத்த சில மாதங்களில் அஸ்லான் ஷா கோப்பைக்கு இந்தியாவின் மிக இளைய கேப்டனாகப் போனவர் 21 வயது சர்தார். 2012இல் லண்டனில் எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவதாக முடித்தோம். அந்தக் குழியிலிருந்து அணி மேலே வந்த படிகளில் அவர் கால் படாத படி இல்லை. 2014 இன்சியானில் பாகிஸ்தானை ஷூட்-அவுட்டில் வென்று, 16 ஆண்டுக்குப் பின் ஆசியத் தங்கமும் ரியோவுக்கு நேரடி இடமும் வந்தபோது கேப்டன் அவர். 2015 ராய்ப்பூரில் உலக லீக் இறுதிச் சுற்றில் நெதர்லாந்தை வீழ்த்தி வெண்கலம் வென்றபோதும் அவரே. 2016 ரியோவில் 1980க்குப் பிறகு முதன்முறையாக நாக்-அவுட் கட்டத்தை எட்டிய அணியில் நடுகளம் அவர் கையில் இருந்தது.

இந்தப் பத்தாண்டில் பயிற்சியாளர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஹோஸே பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திரா. ஒவ்வொருவரும் ஒரு புது ஆட்டமுறையைக் கொண்டுவந்தார்கள்; ஒவ்வொருவரும் ஹாக்கி இந்தியா சம்மேளனத்தோடு மோதியோ அதனால் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ போனார்கள். மாறாமல் இருந்த சிலவற்றில் ஒன்று சர்தாரின் இடம். தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்குவார். எதிராளி நெருங்கும்வரை விடமாட்டார். எதிராளி கிட்டே வந்த கணத்தில் பந்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். பதறிப்போய் முன்னால் அடித்துத் தொலைப்பது நம் அணியின் பழைய வியாதி; அதற்கு மருந்து அந்தப் பொறுமை. கோல் பட்டியலில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும். சர்வதேச சம்மேளனம் 2010, 2011 ஆண்டுகளில் தன் உலக நட்சத்திர அணியில் அவரைச் சேர்த்தது. இந்தியா உலகத் தரவரிசையில் எங்கோ கிடந்த காலம் அது. அணியின் வெற்றிக்காக அல்லாமல் ஆட்டத்துக்காக ஒருவரை அளப்பது எப்படி என்பதை வெளியாட்கள் அப்போதே செய்து காட்டினார்கள். நம் ரசிகர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பதக்கக் கணக்கின் உண்மையான தீங்கு இதைவிடப் பெரியது. அது பேச்சை வீரர் மேலேயே வைத்திருக்கிறது. அவர் பெரியவரா, சிறியவரா என்று நாம் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவரை எப்படி அனுப்பினார்கள் என்ற கேள்வி யார் வாசலுக்கும் போவதில்லை. 300 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய ஒருவருக்கு, ‘இனி நீ எங்கள் திட்டத்தில் இல்லை’ என்பதைப் பட்டியலில் பெயரை விட்டுத்தான் தெரிவிக்க வேண்டுமா? சில மாதங்களில் அதே ஹாக்கி இந்தியா அவரைத் தேர்வுக் குழுவில் உறுப்பினராக்கியது. அவருடைய அறிவு தேவைப்பட்டிருக்கிறது. மரியாதையான விடைதான் தேவைப்படவில்லை.

இது ஒருவரோடு நிற்கவில்லை. 2004 ஏதென்ஸில் தன்ராஜ் தன் கடைசி ஒலிம்பிக்கின் கடைசி ஆட்டத்தில் சில நிமிடங்கள் மட்டுமே களத்தில் விடப்பட்டார். டோக்கியோ வெண்கலம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2021 செப்டம்பர் 30 அன்று அந்த அணியின் ரூபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லக்ராவும் ஒரே நாளில் ஓய்வை அறிவித்தார்கள். மறுநாள் எஸ்.வி. சுனில். இளையவர்களுக்கு வழிவிடும் பெருந்தன்மை என்று ரசிகர்கள் உருகினார்கள். அடுத்த மே மாதம் ஆசியக் கோப்பைக்கு அணி அறிவித்தபோது கேப்டன் ரூபிந்தர், துணைக் கேப்டன் லக்ரா. ரூபிந்தர் காயமடைந்ததும் லக்ரா கேப்டன், சுனில் துணை. பயிற்சியாளர் யார்? சர்தார் சிங். எட்டு மாதத்தில் திரும்பி வந்து அணியை நடத்தும் திறமை இருந்தவர்கள் எதற்காக அவசரமாகப் போனார்கள் என்று அன்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். கேட்கவில்லை. கையில் பதக்கம் இருந்தது, மனம் நிறைந்திருந்தது.

ராணிக்கு 2024 அக்டோபரில் டெல்லியில் விழா எடுத்தார்கள். அவர் அணிந்த 28ஆம் எண் சட்டை இனி யாருக்கும் கிடையாது என்று அறிவித்தார்கள். அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் ஆடத் தயாராக இருந்த காலத்தில் அந்தச் சட்டையை அவருக்கே தராதவர்கள், பிறகு அதை வேறு யாருக்கும் தரமாட்டோம் என்பதில் எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. நிர்வாகம் எளிதாகத் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி இது: ஆடும்போது மௌனம், போன பிறகு மாலை. அந்த மாலைக்குக் கைதட்டும் ரசிகரும் அதில் பங்காளிதான்.

அணியை இளமையாக்குவது வேண்டும். யாரும் ஆயுள் முழுக்க ஆட முடியாது. ஆனால் இளமையாக்குவதற்கும் மூத்தவரை அவமதிப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒன்று இருந்தால் மற்றொன்றும் வரும் என்று நம்பவைத்தது டோக்கியோவைக் காட்டிப் பேசும் இந்த வாதம்தான். 2018இல் சர்தாரிடம் நேரில் பேசி, ஒரு தொடரைக் குறித்து, அதில் ஆடவிட்டு அனுப்பியிருந்தால் டோக்கியோ பதக்கம் நழுவியிருக்குமா? நிச்சயம் இல்லை. நம் நடுகளத்தில் வளர்ந்துகொண்டிருந்த இருபது வயதுப் பையன்களுக்கு, இந்த அணி தன் ஆட்களை எப்படி நடத்தும் என்பதற்கு நல்ல பாடமாவது கிடைத்திருக்கும்.

அடுத்த மூத்த வீரர் ஒருவர் ஒரு நாள் திடீரென விலகுவார். அப்போது அவருடைய பதக்கங்களை எண்ணத் தொடங்காதீர்கள். அவர் வரும்போது அணி எங்கே இருந்தது, போகும்போது எங்கே இருக்கிறது, அவருக்குப் பக்கத்தில் ஆடியவர்கள் அவரால் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். பிறகு தேர்வாளர்களிடமும் பயிற்சியாளரிடமும் கேளுங்கள்: இவரிடம் எப்போது பேசினீர்கள், என்ன சொன்னீர்கள்? பதில் வரும்வரை விடாதீர்கள். இந்திய ஹாக்கியை நேசிப்பதாகச் சொல்லும் ஒருவர் அந்த நாளில் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.