வாழ வந்த இருவர்
(டொரதி கிளார்க் வில்சனின் ‘கிராணி பிராண்ட்’ நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்)

மறைப்பணியாளர் வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவது தனி மனிதர் ஒருவரின் உருவமே. புனித சவேரியார், புனித அருளானந்தர், வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெருமக்கள் அனைவரும் பெற்றோரையும் பிறந்த மண்ணையும் துறந்து வந்த துறவியர். சேலம் மறைமாவட்டம் 1930-இல் தோன்றியபோது அதனைத் தாங்கி நின்ற பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களும் அவ்வழி வந்தவர்களே. ஆகவே, ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக அயல் மண்ணில் குடியேறி, அங்கே அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, அம்மண்ணின் மக்களோடு பழகித் தேறிய வரலாறு நமது ஞான இலக்கியத்தில் அரிதாகவே காணப்படுகிறது. அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்கிறது, அமெரிக்க எழுத்தாளர் டொரதி கிளார்க் வில்சன் 1976-இல் வெளியிட்ட ‘கிராணி பிராண்ட்’ என்னும் ஆங்கில நூல். பிற சபையைச் சார்ந்த தம்பதியரின் வரலாறு அது. எனினும் நமக்கு மிக அருகில், கொல்லிமலையில் நிகழ்ந்த வரலாறு என்பதால் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய நூலாகிறது.

கதைச் சுருக்கம் இது. ஈவ்லின் ஆரிஸ், 1879-இல் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். ஜெசி பிராண்ட், கட்டடத் தொழில் அறிந்தவர். இலிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வெப்ப மண்டல மருத்துவம் கற்றவர். இருவரும் ‘ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்’ என்னும் சபையின் பணியாளர்களாகத் தமிழகம் வந்து, 1913-இல் சேந்தமங்கலத்தில் மணந்து, மழையில் நனைந்தபடியே கொல்லிமலை ஏறினர். ஜெசி தம் கையால் கட்டியிருந்த மர வீடே அவர்களது இல்லமாயிற்று. 1914-இல் மூத்த மகன் பால் பிறந்தான்; பின்னர் மகள் கானி பிறந்தாள். 1929-இல் ஜெசி நச்சுக் காய்ச்சலால் தமது 44-ஆம் வயதில் மறைந்தார். ஈவ்லினோ மேலும் 45 ஆண்டுகள் வாழ்ந்து, 1974-இல், 95 வயதில் உயிர் நீத்தார். கொல்லிமலை வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

வாழவந்தி! அப்பெயரைச் சேர்வராயன் மலையில் உள்ளவர்கள் கேட்டால் ஒரு கணம் வியப்பார்கள். ஏற்காடு வட்டத்திலும் வாழவந்தி என்று ஓர் ஊர் உண்டு. வெள்ளக்கடைக்கு அது அயலூராட்சி. இரு மலைகளிலும் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பெயருடைய, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ஒரே பழங்குடியின் கிளையினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழித்தோன்றல்கள் என்று தங்களைப் பற்றி அவர்களே கதை சொல்வதுண்டு. எனவே வெள்ளக்கடையில் அமர்ந்து இந்நூலைப் படிப்பவருக்கு, இலண்டனிலோ நியூயார்க்கிலோ படிப்பவருக்குத் தோன்றாத ஒரு கேள்வி தோன்றும்: “இதில் எம்மவர் எங்கே?” இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டே நூலின் நிறைகுறைகளை மதிப்பிட விழைகிறோம்.

முதலில் நிறைகள். இல்லறத்தையே பணிக்களமாகக் காட்டுவதில் ஆசிரியர் வெற்றி பெற்றிருக்கிறார். திருத்தூதர் பவுலோடு உழைத்த அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரைப் புதிய ஏற்பாடு ஆறு இடங்களில் குறிப்பிடுகிறது; ஓரிடத்திலும் ஒருவரை விட்டு ஒருவரைப் பேசுவதில்லை; அவற்றுள் நான்கு இடங்களில் மனைவியின் பெயரே முன்னிற்கிறது. கூடாரம் தைக்கும் அவர்களது வீடே இறைமக்கள் கூடும் இடமாக விளங்கியது. அத்தகைய ஒரு வீட்டை வில்சன் நம் கண்முன் நிறுத்துகிறார். ஒரே வீட்டில் மருந்து கொடுக்கிறார்கள், பல் பிடுங்குகிறார்கள், எழுத்துக் கற்பிக்கிறார்கள், பழக்கன்று வளர்க்கிறார்கள். ஜெசி தச்சனாகவும் கொத்தனாகவும் உழவனாகவும் இருந்து செய்பவற்றையும், ஈவ்லின் தாயாகவும் செவிலியாகவும் ஆசிரியையாகவும் இருந்து செய்பவற்றையும் பிரித்துப் பார்க்க இயலாதவாறு ஆசிரியர் பின்னிக்காட்டுகிறார்.

அடுத்து, அவர்கள் தேர்ந்த மலை எத்தகையது என்பதையும் நூல் உணர்த்துகிறது. சேர்வராயன் மலைக்கு ஐரோப்பியர் வந்தது புதிதன்று. ஆட்சியர் காக்பர்ன் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்களும் மாளிகைகளும் பின்தொடர்ந்தன. 1917-இல் மாண்ட்போர்ட் பள்ளி எழுந்தது. கோடையின் வெம்மை தணிக்க வந்தவர்கள் கோடை கழிந்ததும் இறங்கிவிடலாம். கொல்லிமலையோ காய்ச்சலுக்குப் பேர்போன மலை. பாதையற்ற அம்மலையில் நிலையாகத் தங்குவதற்குச் சமவெளி மக்களே அஞ்சினர். உடல்நலம் தேடி வெள்ளையர் ஏற்காட்டுக்கு ஏறிய காலத்தில், உடல்நலத்தைப் பணயம் வைத்து இவ்விருவரும் கொல்லிமலைக்கு ஏறினர். அந்தப் பணயத்தின் விலையை ஜெசியே இறுதியில் செலுத்தினார்.

ஆயினும் நூலின் உயிர்நிலையான ஒரு நிகழ்ச்சியை ஆசிரியர் கையாண்ட விதம் நமக்கு நிறைவளிக்கவில்லை. மலையேறிய பின் ஆண்டுகள் பல கடந்தும் ஒருவர்கூட அவர்களது மறையைத் தழுவவில்லை. மருந்துக்கு வந்தவர்கள் மறையுரைக்கு வரவில்லை. ஊர்ப் பூசாரி அவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். இந்நிலையில் 1918-19-இல் உலகையே உலுக்கிய நச்சுச் சளிக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. அஞ்சிய மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். கணவனும் மனைவியும் வீடு வீடாகக் கஞ்சி கொண்டு சென்று ஊட்டினர். பூசாரியும் நோயில் வீழ்ந்தார். சாகும் தறுவாயில் அவர் ஜெசியை அழைத்து, தம் சின்னஞ்சிறு பெண்மகவை அவரிடம் ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத்து என்று பெயரிடப்பட்டது. அதன் பின்னரே மலையில் சிறியதொரு திருச்சபை உருவாயிற்று.

இதனை மறைப்பணியின் வெற்றியாக வில்சன் சித்திரிக்கிறார். அது வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வெற்றியை ஈட்டித் தந்தவர் யார்? நோயாளிக்குக் கஞ்சி ஊட்டியது பிராண்ட் தம்பதியரின் அன்பு. அந்த அன்பை எடைபோட்டு, தம் வாழ்நாளின் எதிர்ப்பையும், குலத்தின் வழக்கத்தையும், உறவினரின் பேச்சையும் ஒருபுறம் வைத்து, “இவ்வீட்டில் என் மகள் வாழ்வாள்” என்று முடிவெடுத்தது ஒரு மலையாளித் தந்தையின் அறிவு. புதிய இடத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்வது வந்தவர்களின் கடமை மட்டும் அன்று. வந்தவர்களுக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டவர்களும் அம்மலையில் இருந்தார்கள். அவர்களுள் மிக நீண்ட தொலைவு நடந்தவர் அந்தப் பூசாரி. பல ஆண்டு எதிர்ப்பிலிருந்து ஒரே இரவில் நம்பிக்கைக்கு அவர் நடந்த தொலைவை அளக்க நூலாசிரியரிடம் அளவுகோல் இல்லை. பூசாரி அவருக்குக் கதையின் திருப்புமுனை. நமக்கோ அவர் கதையின் மாந்தர்.

இக்குறைக்குக் காரணம் நூலின் ஆக்க முறையிலேயே உள்ளது. வில்சன் சமய நாடகங்களும் நாவல்களும் எழுதிப் பழகியவர். வரலாற்றையும் காட்சி காட்சியாக, உரையாடல்களோடு அமைப்பவர். வேலூர் ஐடா ஸ்கடர் பற்றியும், மருத்துவர் மேரி வர்கீஸ் பற்றியும், ஈவ்லினின் மகனும் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவருமான பால் பிராண்ட் பற்றியும் அவர் எழுதிய நூல்களிலும் இதே முறையைக் காணலாம். இம்முறை விறுவிறுப்பைத் தரும். ஆனால் கடிதமும் நாட்குறிப்பும் விட்டுச் சென்றவர்களுக்கே அதில் குரல் கிடைக்கும். எழுத்தறியாத மலைமக்கள் தாள்களை விட்டுச் செல்லவில்லை. பாட்டிலும் பேச்சிலும் நினைவிலும் விட்டுச் சென்றார்கள். அவற்றைத் தேடிக் கேட்காத எந்த வரலாறும் ஒரு கண்ணால் பார்த்த வரலாறாகவே முடியும்.

துறவு மரபில் வளர்ந்த நாம் மேலும் ஒரு செய்தியை இந்நூலில் உற்று நோக்க வேண்டும். துறவி தம் பெற்றோரைப் பிரிகிறார். தம்பதியரோ தம் பிள்ளைகளைப் பிரிய நேரிடுகிறது. கல்விக்காக 1923-இல் ஒன்பது வயதுப் பாலும் தங்கை கானியும் இங்கிலாந்தில் உறவினரிடம் விடப்பட்டனர். மலைக்குத் திரும்பிய ஜெசி தம் மக்களை மீண்டும் காணவேயில்லை. தந்தை இறந்த செய்தி தந்தியில் வந்த பின்னர், அவர் முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதம் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. இவ்விடத்தில் வில்சனின் பேனா அடக்கம் காக்கிறது, அழுகையைப் பெருக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்கவில்லை. பெற்றோரின் அழைத்தலுக்குப் பிள்ளைகள் செலுத்தும் காணிக்கையை யார் கணக்கில் எழுதுவது? தியாகம் என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடுவது எளிது. அச்சொல்லைத் தேர்ந்தவர்கள் பெற்றோர், சுமந்தவர்கள் பிள்ளைகள். மணவாழ்வில் இருந்துகொண்டு மறைப்பணிக்கு முன்வருவோரைப் பற்றித் திருச்சபை இன்று பேசும்போது இக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது.

நூலின் பிற்பகுதியே நம்மை முற்றிலும் ஆட்கொள்கிறது. கணவரை இழந்து, சில காலம் தாயகத்தில் இருந்து, மீண்டும் இந்தியா வந்த ஈவ்லின், சபையின் விருப்பப்படி சமவெளியிலும் பணிபுரிந்தார். 1947-இல், 68 வயதில், சபைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை, மலைக்கே திரும்பினார். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் முதலிய ஐந்து மலைத்தொடர்களையும் அடைய வேண்டும் என்று கணவரும் தாமும் கண்ட கனவைத் தனியாளாக நிறைவேற்றப் புறப்பட்டார். மட்டக் குதிரையில் ஏறியும், விழுந்து எலும்பு முறிந்தும், இரு மூங்கில் கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். கிணற்று நீரால் பரவிய நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உழைத்தார். அந்நோய் இந்தியாவை விட்டு அகன்றதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2000-இல் சான்றளித்தபோது அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. ஓவியக் கண் படைத்த அந்த அம்மையார் இறுதி ஆண்டுகளில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. முன்பகுதியில் மலைவாழ்வுக்குப் பழகும் மணமகளைக் காண்கிறோம். பின்பகுதியில் பழகுதல் என்ற சொல்லே தேவைப்படாத ஒரு கிழவியைக் காண்கிறோம்.

நம் ஊர் வழக்கில் மருமகளை ‘வாழ வந்தவள்’ என்போம். புகுந்த வீட்டுக்கு அவள் தன்னைப் பழக்கிக்கொள்கிறாள். அவளுக்கு இடம் தந்து வீடும் மெல்லத் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்கிறது. ஆண்டுகள் கழிந்தபின் வந்தவள் யார், இருந்தவர் யார் என்று பிரிக்க முடிவதில்லை. நூலின் தலைப்பில் உள்ள ‘கிராணி’ என்பதற்குப் பாட்டி என்று பொருள். பதவிப் பெயரைச் சபை தரலாம். உறவுப் பெயரை எதிரே நிற்பவரும் சேர்ந்துதான் தர முடியும். அந்தப் பெயரை ஏற்று நடந்த மலைமக்களின் பங்கையும் அத்தலைப்பில் நாம் படிக்க வேண்டும்.

இந்நூல் நமக்கொரு கடனையும் நினைவூட்டுகிறது. மணவாழ்வில் நின்று மறைப்பணி ஆற்றும் மரபு நம்மிடம் இல்லாமலில்லை. நம் உபதேசியார்கள் பெரும்பாலும் குடும்பத்தினரே. குருவானவர் எப்போதோ வந்துசெல்லும் மலைச் சிற்றூர்களில், மந்திரங்கள் கற்பித்தும், சாவு வீட்டில் செபம் சொல்லியும், நோயாளியைத் தூக்கிச் சென்றும் திருச்சபையை நிலைநிறுத்தியவர்கள் உபதேசியாரும் அவர் மனைவியுமே. உபதேசியாரின் பெயர் பங்குப் பதிவேட்டின் ஓரத்திலேனும் இருக்கும். அவர் மனைவியின் பெயரோ அங்கும் இராது. இலண்டனிலிருந்து வந்த ஈவ்லினுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வரலாற்றாசிரியர் கிடைத்தார். சமவெளியிலிருந்து மலையேறி, கேழ்வரகுக் களிக்கும் சாமைச் சோற்றுக்கும் குளிருக்கும் பழகி, பிள்ளைகளைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளியில் விட்டு வாழ்ந்த நம் உபதேசியார் மனைவிக்கு யார் கிடைப்பார்?

‘கிராணி பிராண்ட்’ படிக்க வேண்டிய நூல். அதன் குறைகள், அது எழுதத் தவறிய பக்கங்களே. அப்பக்கங்களை வில்சன் எழுதியிருக்க முடியாது. எழுத வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். கொல்லிமலை வாழவந்தியிலோ சேர்வராயன் வெள்ளக்கடையிலோ பிறந்து, பாட்டன் பாட்டி சொன்னதைக் கேட்டு வளர்ந்து, பள்ளி சென்று எழுதக் கற்ற ஒரு மலையாளி இளைஞரோ இளம்பெண்ணோ, “எங்கள் மலைக்கு இருவர் வாழ வந்தார்கள், அவர்களோடு நாங்கள் இப்படி வாழ்ந்தோம்” என்று எழுதத் தொடங்கட்டும். முதியோர் நினைவு உள்ளபோதே அது நடைபெற வேண்டும். அந்நூல் வரும் நாளில் வில்சனின் நூலையும் அதன் அருகில் வைத்து, இரு கண்ணாலும் நாம் படிக்கலாம்.